கார்கள் எங்கே போயின?

2006 ஜனவரி 3, செவ்வாய்க்கிழமை. சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் அன்று காலை ஒரு புதிய விதி நடைமுறைக்கு வந்தது. நகர மையத்துக்குள் நுழையும் காரும் அங்கிருந்து வெளியேறும் காரும் கட்டணம் கட்ட வேண்டும். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே தீவுகளின் மேல் பரவிய ஊர் அது. மையத்துக்குப் போக வர வழிகள் குறைவு. 18 இடங்களில் கேமரா வைத்து எண் பலகையைப் படம் பிடித்தாலே போதுமானதாக இருந்தது. அன்றைய கட்டணமும் பெரிதில்லை. நேரத்தைப் பொறுத்து 10, 15 அல்லது 20 குரோனா. ஒரு நாளில் எத்தனை முறை போய் வந்தாலும் 60 குரோனாவுக்கு மேல் கிடையாது. இரவிலும் வார இறுதியிலும் இலவசம்.

அந்த எல்லையைக் கடக்கும் வண்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிற்று. நெரிசலில் காத்துக் கிடக்கும் நேரம் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்தது. ஏழு மாதச் சோதனை முடிந்து ஜூலை 31-உடன் கட்டணத்தை நிறுத்தியதும் பெரும்பாலான வண்டிகள் திரும்பி வந்தன.

இதையெல்லாம் அளந்தவர்களில் ஒருவர் யூனாஸ் எலியாசன் என்ற போக்குவரத்து ஆய்வாளர். எண்களைவிட அவரை வியக்க வைத்தது மக்கள் சொன்ன பதில். இத்தனை கார்கள் குறைந்திருக்கின்றன. ஆனால் ஓட்டியவர்களைக் கேட்டால், தங்கள் பழக்கம் மாறியதாகப் பெரும்பாலோருக்கு நினைவே இல்லை. அலுவலகம் போகிறவர்களில் ஒரு பகுதியினர் ரயிலுக்கும் பேருந்துக்கும் மாறியிருந்தார்கள். மற்றவர்கள் இரண்டு வேலைகளை ஒரே பயணத்தில் முடித்தார்கள், வேறு கடைக்குப் போனார்கள், சில பயணங்களைத் தவிர்த்தார்கள். ஒவ்வொருவரும் செய்தது சிறு மாற்றம். அது அவர்கள் மனத்திலேயே பதியவில்லை. ஆனால் நகரமே வேறாகிவிட்டது.

காரைக் குறைத்து ஓட்டுங்கள், பேருந்தில் போங்கள், நடங்கள் என்று எல்லா ஊர்களிலும் அறிவுரை கேட்கிறது. அறிவுரையால் பெரிதாக எதுவும் மாறுவதில்லை. அதனால் மக்கள் மாறவே மாட்டார்கள் என்று முடிவுகட்டிவிடுகிறோம். ஸ்டாக்ஹோம் காட்டுவது நேர் எதிரானது. மக்கள் தினமும் மாறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எதற்காக மாறுகிறார்கள் என்பதைத்தான் நாம் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

தண்ணீரும் வண்டியும்

போக்குவரத்தைத் தண்ணீரைப் போல நினைப்பது நம் பொதுப் பழக்கம். இவ்வளவு வண்டிகள் வந்தே தீரும். குழாய் சிறிதானால் வழிந்து பக்கத்துத் தெருவில் பாயும். பெரிதாக்கினால் தடையின்றி ஓடும். மேம்பாலத்துக்கும் சாலை விரிவாக்கத்துக்கும் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான். தண்ணீருக்கு யோசனை கிடையாது. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் யோசிக்கிறார். எப்போது கிளம்புவது, எந்த வழி, எதில் போவது, போகத்தான் வேண்டுமா என்று ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் நான்கு கேள்விகள் நிற்கின்றன. சாலையின் நிலைமை மாறினால் அந்த விடைகளும் மாறும்.

தென்கொரியத் தலைநகர் சியோலில் இதற்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. சோங்கேசோன் என்ற ஓடையைக் காங்கிரீட்டால் மூடி, அதன்மேல் உயர்மட்ட விரைவுச் சாலை கட்டியிருந்தார்கள். மேலும் கீழுமாக நாளொன்றுக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் அந்த வழியே ஓடின. 2003 ஜூலையில் அதை இடிக்கத் தொடங்கியபோது நகரம் ஸ்தம்பித்துவிடும் என்று பலரும் அஞ்சினார்கள். ஸ்தம்பிக்கவில்லை. மறு ஆண்டு ஜூலையில் நகரின் பேருந்து முறையையே அடியோடு மாற்றினார்கள். சாலையின் நடுவே பேருந்துக்கென்று தனித் தடம், பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் ஒரே அட்டை, மொத்தத் தூரத்துக்கு ஒரே கட்டணம் என்று எல்லாம் வந்தன. 2005 இலையுதிர் காலத்தில் ஏறத்தாழ 5.8 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடை மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. இன்று மக்கள் அதன் கரையில் நடக்கிறார்கள்.

சியோல் ஒரு விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. சாலி கெர்ன்ஸ், ஸ்டீபன் அட்கின்ஸ், ஃபில் குட்வின் ஆகிய மூவரும் 11 நாடுகளில், சாலையில் காருக்கான இடம் குறைந்த 70 நிகழ்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பூகம்பத்தால் மூடிய சாலை, பழுதுபார்க்க அடைத்த பாலம், நடப்பவர்களுக்கென்று ஒதுக்கிய கடைத்தெரு என்று பல வகை. சுற்றியுள்ள தெருக்களில் கூடிய வண்டிகளைக் கழித்த பிறகும், பாதி நிகழ்வுகளில் 11 சதவீதத்துக்கு மேல் போக்குவரத்து காணாமலே போயிருந்தது. முன்கூட்டிச் சொன்ன பேரழிவு அநேகமாக எங்கும் நடக்கவில்லை.

சாலை கூடினால் நேரமும் கூடும்

இதன் மறுபக்கம் இன்னும் விந்தையானது. புதிய சாலை போட்டால், வண்டி ஒன்றுகூடக் கூடாவிட்டாலும், எல்லோருடைய பயண நேரமும் நீளக்கூடும். டீட்ரிக் பிராஸ் என்ற ஜெர்மன் கணிதவியலாளர் 1968-இல் இதை நிறுவினார். ஒரு கற்பனை ஊரில் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

குடியிருப்புப் பகுதியிலிருந்து அலுவலகப் பகுதிக்குக் காலையில் 3,000 கார்கள் போகின்றன. இரண்டு வழிகள். முதல் வழியில் முன்னால் ஒரு குறுகிய பாலம், பிறகு அகலமான சாலை. இரண்டாம் வழியில் முன்னால் அகலமான சாலை, பிறகு ஒரு குறுகிய பாலம். அகலமான சாலையில் எத்தனை வண்டி வந்தாலும் 40 நிமிடம். பாலத்தில் 100 வண்டிக்கு ஒரு நிமிடம் என்று நேரம் ஏறும். வழிக்கு 1,500 கார்களாகப் பிரிந்துகொள்கிறார்கள். பாலத்தில் 15, சாலையில் 40, ஆக 55 நிமிடம்.

இப்போது நகராட்சி அந்த இரண்டு பாலங்களையும் இணைக்கும் ஒரு குறுக்குச் சாலையைத் திறக்கிறது. நொடியில் கடந்துவிடலாம். முதல் பாலத்தைத் தாண்டியதும் குறுக்கே புகுந்து இரண்டாம் பாலத்துக்குப் போனால், 40 நிமிடச் சாலையைத் தொடவே வேண்டாம். ஒருவர் போகிறார், அவருக்கு லாபம். அடுத்தவர் போகிறார். கடைசியில் 3,000 பேரும் அதே வழியில். முதல் பாலத்தில் 30, இரண்டாம் பாலத்தில் 30. ஆக 60 நிமிடம். யாராவது பழைய வழிக்குத் திரும்ப நினைத்தால் பாலத்தில் 30, சாலையில் 40 என்று அவருக்கு 70 ஆகிவிடும். அதனால் எவரும் தனியாகத் திரும்ப முடியாது. ஒவ்வொருவரும் தமக்குச் சரியானதைத்தான் செய்தார்கள். எல்லோரும் ஐந்து நிமிடம் இழந்தார்கள்.

உண்மையான ஊர்களில் வண்டிகளும் கூடுகின்றன. சாலை சற்றுக் காலியானதும், நெரிசலுக்குப் பயந்து நேரத்தை மாற்றியவர், ரயிலில் போனவர், வீட்டிலேயே இருந்தவர் எல்லோரும் அதில் வந்து சேர்கிறார்கள். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஆந்தனி டவுன்ஸ் இதை 1962-இலேயே எழுதினார். ஜில் டுராண்டன், மாத்யூ டர்னர் இருவரும் 2011-இல் அமெரிக்க நகரங்களின் தரவுகளைக் கொண்டு அளந்தார்கள். நெடுஞ்சாலைத் தடங்களின் நீளம் எவ்வளவு சதவீதம் கூடுகிறதோ, வண்டிகள் ஓடும் மொத்தத் தூரமும் ஏறக்குறைய அதே சதவீதம் கூடுகிறது.

இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்க்கெட்டி இதன் அடியில் இருக்கும் ஒரு மனித இயல்பைச் சுட்டினார். நடந்த காலத்திலும் சரி, ரயில் காலத்திலும் சரி, மனிதர் பயணத்துக்குத் தரும் நேரம் சராசரியாக நாளுக்கு ஒரு மணிதான். வேகம் கூடினால் நாம் நேரத்தை மிச்சம் பிடிப்பதில்லை. இன்னும் தள்ளிப் போய் வீடு கட்டுகிறோம்.

22 கார்கள், ஒரு வட்டம்

ஐந்தில் ஒரு பங்கு வண்டி குறைந்ததற்கு ஸ்டாக்ஹோமில் காத்திருப்பு பாதி வரை குறைந்தது எப்படி? இதற்கான விடையை ஜப்பானில் ஒரு திறந்தவெளியில் பார்க்கலாம். யூகி சுகியாமாவும் அவர் குழுவினரும் 2008-இல் வெளியிட்ட சோதனை அது. 230 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு வட்டத்தில் 22 கார்கள். சிக்னல் இல்லை, குறுக்குச் சாலை இல்லை, பள்ளம் மேடு இல்லை. எல்லோரும் ஒரே வேகத்தில், சுமார் 30 கிலோமீட்டரில், சுற்றி வர வேண்டும். அவ்வளவுதான்.

சிறிது நேரம் சீராகச் சுற்றினார்கள். பிறகு ஒருவர் லேசாக வேகத்தைக் குறைக்க, பின்னால் வந்தவர் ஒரு கணம் தாமதமாகக் கவனித்து இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிரேக் போட, அவருக்குப் பின்னால் வந்தவர் அதைவிட அழுத்தமாகப் போட, கடைசியில் சில கார்கள் அப்படியே நின்றேவிட்டன. அந்த நெரிசல் ஓர் அலையாகி, கார்கள் போகும் திசைக்கு எதிராக மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது. விபத்து இல்லை, தடை இல்லை, யாருடைய தவறும் இல்லை. நெரிசல் தானாகப் பிறந்தது.

வண்டிகளுக்கிடையே போதிய இடைவெளி இருந்தால் ஒருவரின் சிறு தயக்கத்தை அந்த இடைவெளியே விழுங்கிவிடும். இடைவெளி ஓர் அளவுக்குக் கீழே போனால் அதே தயக்கம் பெருகிப் பெருகி அலையாகிறது. சீரான ஓட்டத்துக்கும் முழு நெரிசலுக்கும் நடுவே இருப்பது சில வண்டிகள்தான். கோடை விடுமுறையில் நம் நகரச் சாலைகள் மூச்சு விடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஊரே காலியாகிவிடவில்லை, பள்ளிக்குப் போய் வரும் வண்டிகள் மட்டும்தான் இல்லை. ஆகவே எல்லோரும் காரை விட வேண்டியதில்லை. பத்தில் ஒருவர், ஐந்தில் ஒருவர் சில பயணங்களை மாற்றினாலே மற்ற அனைவருக்கும் வழி கிடைக்கும். ஆம்புலன்சுக்கும் சேர்த்து.

பழக்கம் உடையும் நேரம்

அந்த ஐந்தில் ஒருவர் எப்படி மாறுகிறார்? பலரும் காரில் போவது ஒவ்வொரு நாளும் யோசித்து எடுத்த முடிவால் அல்ல, பழக்கத்தால். பழக்கத்துக்குக் கணக்குத் தெரியாது. ஜப்பானில் ஒசாகாவுக்குப் போகும் ஒரு விரைவுச் சாலை எட்டு நாள் மூடப்பட்டது. சதோஷி ஃபுஜியும் உடன் ஆய்வாளர்களும் அந்தச் சாலையில் வழக்கமாகக் காரோட்டியவர்களிடம் பேசினார்கள். பேருந்திலோ ரயிலிலோ போனால் எவ்வளவு நேரமாகும் என்று அவர்கள் அதுவரை நினைத்திருந்தது, உண்மையில் ஆனதைவிட அதிகம். வேறு வழியில்லாமல் ஏறிப் பார்த்த பிறகுதான் அது தெரிந்தது. அப்படித் தங்கள் கணிப்பைத் திருத்திக்கொண்டவர்கள் சாலை திறந்த பிறகும் பொதுப் போக்குவரத்தை நாடினார்கள்.

லண்டனில் 2014 பிப்ரவரியில் சுரங்க ரயில் ஊழியர்கள் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தபோது பல நிலையங்கள் மூடிக் கிடந்தன. பயணிகள் வேறு வழி தேடினார்கள். பயண அட்டைத் தரவுகளைப் பிறகு ஆராய்ந்தால், ஏறத்தாழ 20 பேரில் ஒருவர் பழைய வழிக்குத் திரும்பவே இல்லை. ஆண்டுக்கணக்கில் அன்றாடம் போய் வந்த பாதையைவிடச் சிறந்த பாதை ஒன்று இருந்ததை அந்த இரண்டு நாள்தான் அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தது.

பழக்கம் தளரும் நேரங்கள் வாழ்க்கையில் இயல்பாகவே வருகின்றன. வீடு மாறும்போது, புது வேலையில் சேரும்போது, பிள்ளைக்குப் பள்ளி மாறும்போது. உளவியலாளர் பாஸ் வெர்பிளாங்கன் இதை நெடுங்காலம் ஆராய்ந்தவர். வீடு மாறிய முதல் சில மாதங்களில் மனம் திறந்திருக்கிறது. அதற்குப் பிறகு புதுப் பழக்கம் இறுகி மூடிக்கொள்கிறது. பேருந்தில் போங்கள் என்று ஊர் முழுக்க விளம்பரம் செய்வதைவிட, புதிதாகக் குடிவந்தவர் கையில் முதல் வாரமே பேருந்து வழிகளையும் ஒரு மாதப் பயண அட்டையையும் கொடுப்பது பலன் தரும்.

பேருந்து மட்டும் போதுமா?

நல்ல பேருந்து இல்லாமல் காரைக் குறைக்கச் சொல்வது நியாயமே இல்லை. ஆனால் பேருந்தைக் கூட்டினால் மட்டும் கார் குறைந்துவிடாது என்பதும் உண்மை. ஸ்டாக்ஹோமில் கட்டணம் வருவதற்கு நான்கு மாதம் முன்பே, 2005 ஆகஸ்டில், புதிய பேருந்துகளும் வழித்தடங்களும் வந்துவிட்டன. அவற்றால் மட்டும் கார்கள் குறிப்பிடும்படி குறையவில்லை. ஒருவர் பேருந்துக்கு மாறினால் சாலையில் அவர் விட்ட இடத்தை இன்னொரு கார் பிடித்துக்கொள்கிறது. விட்ட இடத்தைக் காக்க வேண்டும். அதற்கு ஒன்று விலை வைக்க வேண்டும், அல்லது அந்த இடத்தைப் பேருந்துக்கும் சைக்கிளுக்கும் கால்களுக்கும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

விலை வைக்கும் யோசனையைப் பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரி 1950-களிலேயே முன்வைத்தார். முதலில் செய்து காட்டியது சிங்கப்பூர். 1975 ஜூனில், காலை நேரத்தில் நகர மையத்துக்குள் நுழையும் கார்கள் நாளொன்றுக்கு 3 டாலர் காகித அனுமதிச் சீட்டை ஒட்டிக்கொண்டு வர வேண்டும் என்றது. 1998-இல் அது மின்னணு முறையானது.

இடத்தை எழுதிக் கொடுப்பதன் கணக்கு எளிது. மூன்று மீட்டர் அகலமுள்ள ஒரு தடத்தில் கார்கள் மட்டும் போனால் மணிக்கு 600 முதல் 1,600 பேர் போகலாம். அதே அகலத்தைப் பேருந்துக்கு மட்டும் ஒதுக்கினால் 4,000 முதல் 8,000 பேர். நடைபாதையாக்கினால் 9,000 பேர் வரை. மின்சார கார் புகையைக் குறைக்கும், அது நல்லது; ஆனால் சாலையில் அது அடைக்கும் இடம் பெட்ரோல் கார் அடைக்கும் அதே இடம்தான்.

கிடைக்கும் பலன் நேரத்தோடு நிற்பதில்லை. ஸ்டாக்ஹோமில் கட்டணம் வந்த பிறகு காற்று மாசு குறைந்தது. ஐந்து வயது வரையிலான குழந்தைகளுக்குக் கடும் ஆஸ்துமா தாக்குதல் வரும் விகிதம் காலப்போக்கில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததாக ஜேனட் கரி முதலான பொருளாதார ஆய்வாளர்கள் கண்டார்கள். கார் ஓட்டாத, வாக்குரிமை இல்லாத, மூச்சு மட்டும் விடும் உயிர்கள் அவை. போக்குவரத்தைப் பற்றிய எந்த விவாதத்திலும் என் மனம் முதலில் போய் நிற்பது அவர்களிடம்தான்.

நம் ஊரில்

பயணத்தின் விலை மாறினால் பயணமே மாறும் என்பதைத் தமிழ்நாடும் கண்டிருக்கிறது. 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம் என்று அரசு அறிவித்தபின், அந்தப் பேருந்துகளில் பெண்களின் பங்கு வெகுவாக உயர்ந்தது. வேலைக்கும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் போக விரும்பியும் கட்டணத்துக்காகத் தள்ளிப்போட்ட பயணங்கள் அதுவரை எந்தக் கணக்கிலும் தெரியாமல் இருந்தன. சாலை இடத்தை மாற்றிக் கொடுக்கவும் நமக்குத் தெரியும். தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019-இல் சாலையின் கணிசமான பகுதியை நடப்பவர்களுக்கு ஒதுக்கினார்கள்.

ஸ்டாக்ஹோம் மக்களைக் காரிலிருந்து இறக்க வேண்டியிருந்தது. நம் நகரங்களில் பெரும்பாலோர் இன்னும் காரில் ஏறவே இல்லை. நடக்கிறார்கள், டவுன் பஸ்ஸிலும் மின்சார ரயிலிலும் ஷேர் ஆட்டோவிலும் போகிறார்கள், சைக்கிளும் பைக்கும் ஓட்டுகிறார்கள். உடைந்த நடைபாதையும் எப்போது வரும் என்று தெரியாத பேருந்தும் அவர்களை வண்டி வாங்கத் தள்ளுகின்றன. கடன் வாங்கி வாங்கும் முதல் வண்டி பல குடும்பங்களுக்கு வசதி அல்ல, வேறு வழியில்லாமை. அவர்களை இப்போதிருக்கும் இடத்திலேயே மரியாதையோடு பயணம் செய்ய வைப்பது, பிறகு காரிலிருந்து இறக்குவதைவிடப் பல மடங்கு எளிது, செலவும் குறைவு.

ஸ்டாக்ஹோமின் அரசியலும் நமக்குப் பாடம். கட்டணம் வருவதற்கு முன் நகர மக்களில் பெரும்பாலோர் அதை எதிர்த்தார்கள். அரசு வாதாடிக்கொண்டிருக்கவில்லை, ஏழு மாதம் செய்து காட்டிவிட்டு, 2006 செப்டம்பரில் வாக்கெடுப்பு நடத்தியது. சுற்றியுள்ள பல ஊர்கள் வேண்டாம் என்றன. நகரம் சிறு பெரும்பான்மையில் வேண்டும் என்றது. 2007 ஆகஸ்டில் கட்டணம் நிரந்தரமானது. சில ஆண்டுகளில் ஆதரவு மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டியது. கண்ணால் காணாத நன்மைக்கு யாரும் வாக்களிக்க மாட்டார்கள். வாழ்ந்து பார்த்ததை எளிதில் விட்டுத்தரவும் மாட்டார்கள்.

நாமும் அப்படி ஒரு சோதனையைக் கேட்கலாம். நெரிசல் மிகுந்த ஒரே ஒரு சாலையில், ஆறு மாதத்துக்கு மட்டும், ஒரு தடம் பேருந்துக்கு. பேருந்து எப்போது வரும் என்று நிறுத்தத்திலேயே தெரிய வேண்டும். சக்கர நாற்காலியும் குழந்தையின் தள்ளுவண்டியும் தடையின்றிப் போகும் நடைபாதை அந்த நிறுத்தம் வரை வேண்டும். அளந்து பார்த்து, பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடட்டும். அடுத்த முறை வார்டு கவுன்சிலரோ சட்டமன்ற உறுப்பினரோ வாக்குக் கேட்டு வரும்போது, எங்கள் பகுதிக்கு ஒரு மேம்பாலம் வேண்டும் என்று சொல்வதற்குப் பதில் இந்த ஆறு மாதத்தைக் கேளுங்கள். மேம்பாலத்துக்கு ஆகும் பணத்தில் சிறு துளி போதும். கார் வைத்திருப்பவர்களும் தயங்காமல் கேட்கலாம்; அந்தப் பேருந்தில் ஏறுகிறவர்கள் விட்டுக்கொடுக்கும் இடத்தால்தான் அவர்கள் வண்டியும் நகரப் போகிறது.